உள்ளே விட்ட துணி

பொத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. பொம்மை அலமாரியில் எப்போதும் போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கவுன், அதில் பச்சை இலை, நூல் முடி, கறுப்பு நூலால் குத்திய கண். ஆனால் பார்த்தவர் தையல்காரர். ஒரு ஆள் எதிரே வந்தால் மூஞ்சியைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைப் பார்க்கிற ரகம். நெஞ்சுப் பொத்தானைச் சுற்றித் துணி இரண்டு பக்கமும் கோடு கோடாகச் சுருங்கி, காஜாத் துளையின் வாய் பிளந்து நின்றது. உள்ளேயிருந்து உடம்பு முட்டினால்தான் பொத்தான் அப்படி இழுக்கும். பஞ்சு அடைத்த பொம்மைக்கு ஏது உடம்பு?

அவரை எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருப்பதற்கும் அந்தப் பேர் பொருந்தும், வாயில் இருப்பதற்கும் பொருந்தும்.

வெளியே மழை விட்டபாடில்லை. மிஷின் எண்ணெயும், ஈரத் துணியும், சூடான இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்த வாடை அறை முழுக்க நின்றது. கத்திரி கட்டை விரலால் பொம்மையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பஞ்சு அமுங்கியது. உடனே எழுந்தது. அவர் விரலைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

"பஞ்சு எங்க வாங்கினே?"

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புதுப் பொம்மைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "வழக்கமா வாங்குற கடையிலதான்."

"ஈரப் பஞ்சை உன் தலையில கட்டிட்டான். ஊறிப் பெருத்துக் கிடக்கு."

"மழைக்கு வீட்டுக் கதவே ஊதிக்குது. பஞ்சு ஊதாதா?"

"கதவு மரம்."

"ஆமா, மரம். உங்ககூடப் பேசுறதும் அதுகூடப் பேசுறதும் ஒண்ணுதான்பா."

அவர் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். மிதிக்கட்டையில் காலை வைத்தார். ஏனோ இன்று அது கொஞ்சம் தள்ளி இருந்தது.

"மிஷினை யார் நகர்த்தினது?"

"யாரும் நகர்த்தல. அதைத் தூக்க இந்த வீட்டுல யாருக்குத் தெம்பு இருக்கு?"

அவர் நம்பவில்லை. மகள் அவசரமாக ஏதோ ஒன்றை மரப்பெட்டிக்குள் போட்டு மூடியதையும் ஓரக்கண்ணால் பார்த்தார். கொஞ்ச நாளாகவே அவர் உள்ளே வந்தால் அந்தப் பெட்டி மூடிக்கொள்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததை எவள் பூட்டி வைப்பாள்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பொம்மை வேலை விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. அவன் போன ஒரு தடவை பேத்தி அழுது அழுது காய்ச்சலில் விழுந்தாள். வாண்டு என்று கூப்பிடுவார்கள், ஆளும் அப்படித்தான். மகள் பழைய போர்வையைக் கிழித்து ஒரு பொம்மை செய்து கையில் கொடுத்தாள். முகம், கால் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கைக்கு மட்டும் கட்டை விரல் ஒன்று, மற்றதெல்லாம் சேர்ந்த ஒரு தட்டை. விரல் விரலாகத் தைக்கப் பொறுமை இல்லை அவளுக்கு. வாண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன கவுனோ அதேதான் இதுக்கும்" என்று சட்டம் போட்டுவிட்டது.

அன்றைக்கு அந்த மஞ்சள் துணியை வெட்டியது கத்திரிதான்.

குழந்தைத் துணி தைக்கிற எவனும் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பான். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வளர்வதற்கு இடம் என்று அதற்குப் பேர். கிழங்கட்டைகளுக்கு விட மாட்டார். தனக்கே விட்டதில்லை. போன மாதம் தைத்து, இப்போது அவர் போட்டிருக்கும் நீலக் கோடு போட்ட சட்டையைக்கூட உடம்போடு ஒட்டத்தான் வெட்டிக்கொண்டார். இனி எங்கே வளர?

மஞ்சள் துணி ஒரு கவுனுக்கு வாங்கியது. அதிலேயே பொம்மைக்கும் என்றதும் பற்றாக்குறை. வாண்டின் கவுனை ஓரத்துக்கு ஓரம் வெட்ட வேண்டியதாயிற்று, உள்ளே விடத் துணியில்லை. பொம்மையின் கவுனைத் தைத்து முடித்தபோது பார்த்தால், அதற்குள்ளே இரண்டு விரல் துணி மடங்கிக் கிடந்தது. பழகின கை, அதுபாட்டுக்கு விட்டிருக்கிறது.

"பொம்மை வளரவாப்பா போகுது?" என்று மகள் சிரித்தாள்.

"கை பழகிடுச்சு. விட்டது விட்டதுதான், இப்ப என்ன?" என்று எரிந்து விழுந்தார்.

அதற்கப்புறம் சொந்தக்காரர், சிநேகிதர் என்று மகள் ஆளுக்கொரு பொம்மை செய்ய ஆரம்பித்தாள். ஆளுக்கும் பொம்மைக்கும் ஒரே துணி. அவர் சிநேகிதர் ஒருத்தர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், அவருக்கும் ஒன்று போயிற்று. மெலிந்து நிமிர்ந்த ஆள், முன்பல் ஒன்று கிடையாது. முள்ளு என்று பேர். கருமி. கடைசியில் மிஞ்சிய கட்டம் போட்ட துணியைப் பாதி விலைக்கு வாங்கி வந்து, "எனக்கும் அவனுக்கும் இதுலயே முடிச்சிடு" என்றார். கத்திரி முடித்தார். முள்ளுவின் சட்டைக்கு ஓரத்துக்கு ஓரம். பொம்மைக்கு, பழக்கம்போல இரண்டு விரல்.

பொத்தான் இழுத்த மறுநாள் முள்ளுவே வந்தார், குடையை வாசலில் உதறிக்கொண்டு.

"யோவ் கத்திரி, சட்டையைப் பெருசா தச்சு என் மானத்தை வாங்கிட்டியே."

"தச்சன்னைக்கு சரியாத்தான் இருந்துச்சு. கண்ணாடி முன்னாடி புது மாப்பிள்ளை கணக்கா நெளிஞ்சியே, மறந்துட்டியா?"

"இப்ப பாரு." முள்ளு இரண்டு கையையும் நீட்டினார். சட்டைக் கை நகத்தைத் தாண்டி வந்து தொங்கியது.

"சுகர் கூடியிருக்கும்."

"சுகர் தொப்பையைக் கரைக்கும். கையையுமாய்யா கரைக்கும்?" பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார்.

கத்திரி டேப்பை எடுத்தார். அவருக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது, எல்லார் அளவும் மண்டைக்குள்ளே. முதுகுப் பக்கம் தோள் முனையிலிருந்து தோள் முனைக்கு டேப்பை வைத்தார். திரும்ப வைத்தார். தோள் என்பது எலும்பு. பட்டினி கிடந்தாலும் குறையாது, தின்று கொழுத்தாலும் கூடாது. அது குறைந்திருந்தது. டேப் நைந்து நீண்டுவிட்டது என்று மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தார். டேப்பில் ஒரு குறையும் இல்லை.

"என்ன முழிக்கிற?"

"டேப் சரியில்ல." பொய் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எல்லாமே சரியில்லய்யா. ஸ்டூல்ல உக்காந்தா காலு தரையில பட மாட்டேங்குது. மழைக்கு ஸ்டூலும் ஊதிக்கும் போல." முள்ளு சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார். "நம்ம பய ஒருத்தன்தான் நல்லா இருக்கான். வாடகை இல்லாம ஷோகேஸ் மேல உக்காந்து பெருத்துட்டான். சட்டை பிடிச்சுச்சு. நீதான் உள்ளே தாராளமா விட்டு வெச்சிருக்கியே, பிளேடால பிரிச்சு விட்டுட்டேன். மனுஷனுக்கு இல்லாத தாராளம் பொம்மைக்கு!"

முள்ளு போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அறைக்குள்ளேயே நின்றது.

கத்திரி எழுந்து அலமாரிக்குப் போனார். பொம்மையைத் தூக்கினார். தூக்கியதும் கை தாழ்ந்தது. போர்வைத் துணியும் பஞ்சும் இந்தக் கனம் கனக்காது. கவுனின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் எறும்பு வரிசை போல ஓடின. புதுத் தையல் துணியின் கடைசி ஓரத்தில் இருந்தது. அவர் விட்ட இரண்டு விரலும் தீர்ந்திருந்தது.

"இதை யார் பிரிச்சது?"

"நான்தான். நீங்கதானே ஈரப் பஞ்சுன்னு கத்தினீங்க. டைட்டா இருந்துச்சு, உள்ளே துணி இருந்துச்சு, விட்டுட்டேன். அதுல என்ன கொலைக் குத்தம்?"

அவர் வாசல் பக்கம் போனார். வாசலில் வாண்டின் ஷூ கிடந்தது. முனையில் ஏதோ அடைத்திருந்தது. விரலை விட்டு இழுத்தார். வெட்டுத்துண்டு. ஒன்று, இன்னொன்று, பிறகும் ஒன்று.

"நனைஞ்சு நனைஞ்சு ஷூ தொளதொளன்னு ஆயிடுச்சுப்பா. புள்ள நடக்கும்போது கழண்டுக்குது. அதான் துணி வெச்சேன்."

நனைந்தால் ஷூ சுருங்கும், பெருக்காது. அது மகளுக்கும் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ள அவளுக்கும் பயம் போல.

"வாண்டு, இங்க வா."

வந்தது. மஞ்சள் கவுன் தோளிலிருந்து வழிந்து வழிந்து விழ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தது. அவர் குனிந்து தூக்கினார். முதுகு வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். வலிக்கவில்லை. வலிக்க அங்கே கனம் இல்லை. அடைத்து முடிக்காத தலையணை மாதிரி இருந்தது.

"தாத்தா, என் ஃபிரெண்டு என்னை விடப் பெருசா ஆயிடுவாளாம்."

"எவ சொன்னா?"

வாண்டு அலமாரியைப் பார்த்தது.

முள்ளுவின் சட்டையைப் பிடித்துத் தைத்து வைத்தார். வாங்க வருவார் என்று பார்த்தார். வரவில்லை. பாதி விலைச் சட்டையானாலும் அதை விட்டுவைக்கிற ஆள் இல்லை முள்ளு. மழை கொஞ்சம் தணிந்த ஒரு சாயங்காலம், சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கே போனார். தெருவில் விளக்கு இன்னும் எரியவில்லை. சாக்கடை நிரம்பி ஓடுகிற சத்தம் கூடவே வந்தது. கடையின் கண்ணாடிக் கதவு உள்ளேயிருந்து சாத்தியிருந்தது, கண்ணாடி முழுக்க நீராவி. உள்ளே ஸ்டூலில் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் போட்ட சட்டை. வேலை மும்முரம்.

"யோவ் முள்ளு."

திரும்பவில்லை.

கத்திரி கண்ணாடியைத் தட்டினார். உள்ளே நூறு கடிகாரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். முதுகு அகலமாக இருந்தது. கால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது. சட்டையின் பக்கத் தையல் வெடித்திருந்தது, வெடித்த இடத்தில் பஞ்சு தெரியவில்லை. வேறு ஏதோ தெரிந்தது. அது மூச்சு வாங்கியது.

கை மேலே வந்தது. கண்ணாடியில் பதிந்தது.

கட்டை விரல் ஒன்று. மற்றதெல்லாம் சேர்ந்த ஒரு தட்டை.

அப்போதுதான் கீழே பார்த்தார். ஷோகேஸுக்குள்ளே, ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவில், பெரிய பனியனுக்குள் சுருண்டு ஒன்று இருந்தது. ஒரு சாண் இருக்கும். அதன் வாய் திறந்து திறந்து மூடியது. முன்பல் ஒன்று இல்லை. என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. கடிகாரச் சத்தம்தான் கேட்டது.

கக்கத்தில் இருந்த சட்டை எங்கே விழுந்தது என்று தெரியாது. வீடு எப்படி வந்தது என்றும் தெரியாது. மழை மறுபடி தூறியது. ஓடும்போது செருப்பு கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. விட்டுவிட்டு ஓடினார்.

வாண்டு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பொம்மை. இரண்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன. இரண்டு மஞ்சள் முதுகு. ஒரே உயரம். ஒன்றின் முடி நூல், ஒன்றின் முடி முடி. அந்த வெளிச்சத்தில் எது எது என்று கிட்டப் போய்த் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். தொடக் கை வரவில்லை.

கொளுத்திவிடலாமா? கொளுத்தினால் எது எரியும்? அதற்குள் போயிருப்பது வாண்டுடையது. பஞ்சோடு சேர்ந்து அதுவும் எரிந்தால்?

அப்போது வேறு வழி தோன்றியது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி. பிள்ளைக்கு இடம் விடவில்லை, அதனால் வளரவில்லை. விட்டால் வளரும். புதுக் கவுன். இரண்டு விரல் இல்லை, நாலு விரல் விட்டு. இன்றைக்கே. இப்போதே.

சிவப்புத் துணி ஒன்று இருந்தது. விரித்தார், சாக்கட்டியால் கோடு போட்டார். கோடு நேராக விழுந்தது. நாலு விரல். பக்கத்துக்கு நாலு விரல். வெட்டினார். கத்தரிக்கோல் என்றைக்கும் இல்லாமல் கனத்தது. அதன் வளையத்துக்குள் கட்டை விரல் தொளதொளவென்று ஆடியது.

துணியை ஊசிக்குக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

மிதிக்கட்டை இல்லை.

குனிந்து பார்த்தார். இருந்தது. இருந்த இடத்தில்தான் இருந்தது. அவர் கால் அதற்கு மேலே, காற்றில், குழந்தையின் கால் போல ஆடிக்கொண்டிருந்தது.

நீலக் கோட்டுச் சட்டைக் கை, விரல் நுனியை மூடியிருந்தது.

"பொண்ணே! ஏ பொண்ணே!"

மகள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "ஐயோ, கண்டுபிடிச்சிட்டீங்களா? உங்ககிட்ட ஒண்ணை ஒளிச்சு வைக்க முடியாதே! பொறந்த நாளைக்குக் கொடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மரப்பெட்டியைத் திறந்தாள். இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கினாள்.

நரை நூல் தலை. கறுப்பு நூல் கண். நீலக் கோடு போட்ட சட்டை.

"போன மாசம் உங்க சட்டையில மிஞ்சின துணி. நானே வெட்டி நானே தச்சேன்பா. கொஞ்சம் பெரிசாவே வந்துடுச்சு." அவள் குரலில் பெருமை. "பாருங்க, நீங்க விடுற மாதிரியே. உள்ளே நிறைய விட்டுத்தான் தச்சிருக்கேன்."

"பிரி," என்றார். "தையலைப் பிரி. அதுமேல இருந்து சட்டையைக் கழட்டு."

"ஆரம்பிச்சுட்டீங்களா? கோணலாயிருக்கா? என் தையல் உங்களுக்கு என்னைக்குப் பிடிச்சிருக்கு?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பொம்மையை மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வெளியே மழை சடசடவென்று இறங்கியது. "மாடியில துணி! வந்து பேசிக்கிறேன், இருங்க."

"போகாதே. ஏ, போகாதே!"

அவர் கத்தியதாகத்தான் நினைத்தார். வெளியே வந்த குரல் கதவு வரைக்கும்கூடப் போகவில்லை.

நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார். தரை ஆழத்தில் இருந்தது. வழுக்கினார். விழுந்தது வலிக்கவில்லை. வெட்டுத்துண்டுக் குவியல் அவரை மெதுவாக வாங்கிக்கொண்டது. நூல், சாக்கட்டித் தூசி, எண்ணெய் வாடை. சட்டை அவரைச் சுற்றிக் கூடாரம் போல விழுந்தது. காலர் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

மேலே நாற்காலி கிரீச்சிட்டது. அவருக்குப் பக்கத்து நாற்காலி.

பிறகு அவருடையது.

இரண்டு கால் இறங்கின. துணிக் கால். பாதத்தின் நடுவில் மகளின் தையல், கொஞ்சம் கோணலாக. மிதிக்கட்டையில் பதிந்தன. நன்றாக எட்டியது.

சக்கரம் சுற்றியது. அவருடைய வேகம். அவர் காலின் தாளம், ஐம்பது வருஷத்துத் தாளம்.

மாடியில் மகளின் காலடி. உள்ளே கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள். சின்னதாக ஒரு குரல், "தாத்தா" என்றது. எந்த வாய் சொன்னது என்று தெரியவில்லை.

மிஷின் நின்றது. கத்தரிக்கோல் மேஜையை உரசி எழுந்தது.

சரக். சரக். சரக்.

சிவப்புத் துணி ஒன்று நீளமாக இறங்கி வந்து அவர் மேல் விழுந்தது. நாலு விரல் அகலம். வாண்டு வளர அவர் விட்ட இடம்.

சரக். சரக்.

இன்னொன்று.